ஜிக்சோ பிளேட் கோட்டை விட்டு ஓடினால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் சின்னதாக ஒரு தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். பாதி நாள் அலுமாரி, பெண்ட்ரி வேலை. மீதி நாள் மற்றவர்களின் மெஷினைப் பார்ப்பதிலேயே போய்விடும். ஜிக்சோவை, அதாவது மேலும் கீழும் ஓடும் சின்ன பிளேட்டால் வெட்டும் கை மெஷினை, பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, பிளேட் கோட்டுல நிக்க மாட்டேங்குது. மெஷின் போச்சு போல." உண்மையில் மெஷின் போயிருந்தது மிகச் சில தடவைதான். மற்றதெல்லாம் மழுங்கிய பிளேட், மலையக ஈரத்தில் ஊறிய பலகை, அவசரப்படும் கை.

நான் பார்க்கும் வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். காசு போகாதது முதலில், காசு போவது கடைசியில். எந்தத் தலைப்பைத் திறந்தாலும், பிளேட்டையோ ரோலரையோ தொடுவதற்கு முன்னால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. வெட்டி முடித்த பிளேட் சுடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எதற்கும் முன்னால்: 10 நிமிடச் சோதனை

12 மில்லிமீற்றர் பிளைவூட் கழிவுத் துண்டு ஒன்று, ஓர் அடி நீளம் இருந்தால் போதும். மூலைமட்டம் வைத்து பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். புது பிளேட் மாட்டுங்கள். பழைய பிளேட்டில் சோதித்தால் எதற்காகச் சோதிக்கிறோம் என்பதே குழம்பிவிடும். பிளேட்டை முன்னும் பின்னும் ஆட்டும் 0, 1, 2, 3 என்ற லீவரை 0இல் வையுங்கள். துண்டை மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கி, கையைத் தளர்த்தி மெதுவாக வெட்டுங்கள்.

அப்புறம் துண்டைப் புரட்டிப் பாருங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. மேல்முகத்தை மட்டும் பார்த்துவிட்டு 'சரியில்லை' என்கிறார்கள். பாதி பதில் கீழ்முகத்தில் இருக்கிறது.

மேலே கோட்டில் இருந்து, கீழே விலகியிருந்தால் அறிகுறி 1. மேலேயே எப்போதும் ஒரே பக்கம் விலகினால் 2. பாம்பு போல இரண்டு பக்கமும் போனால் 3. நேர் வெட்டு நன்றாக வந்து, வளைவில் மட்டும் கெட்டால் 4. நேராகப் போவதற்காக ஓரத்தில் சட்டம் வைத்து வெட்டியும் விலகினால் 5. கழிவுத் துண்டில் எல்லாம் சரியாக வந்து, பெரிய ஷீட்டில் மட்டும் தகராறு என்றால் நேராக 6க்குப் போங்கள்.

அறிகுறி 1: மேலே கோடு சரி, கீழே சாய்ந்திருக்கிறது

அதிகம் வருவது இதுதான். ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவர்கள் 18 மில்லிமீற்றர் பலகையை வெட்டிப் பொருத்திப் பார்க்கும்போது மூட்டில் வெளிச்சம் தெரியும். ஜிக்சோ பிளேட்டை மேலே மட்டும்தான் மெஷின் பிடித்திருக்கிறது. கீழ் நுனிக்கு எந்தப் பிடியும் இல்லை. அதனால் எந்தக் குறை இருந்தாலும் அது முதலில் கீழேதான் தெரியும்.

*தள்ளுகிறீர்களா?* முதல் சந்தேகம் கையின் மேல்தான். மெஷின் தானாக எவ்வளவு வேகத்தில் நகர்கிறதோ, அதற்குத் துணையாக மட்டும் கை போக வேண்டும். அதே துண்டில் இன்னொரு கோடு போட்டு, முன்பு எடுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு எடுத்து வெட்டுங்கள். சாய்வு போய்விட்டால் வேலை முடிந்தது, மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

*லீவர் எங்கே இருக்கிறது?* 2 அல்லது 3இல் வைத்தால் வேகமாக வெட்டும், ஆனால் முரட்டு வெட்டு. பிளைவூட்டுக்கு 0, மிஞ்சிப் போனால் 1. பெட்டியில் இருந்து எடுத்த நாளில் 3இல் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஒரு வருடம் வேலை செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

*அடித்தட்டு சரிவாக இருக்கிறதா?* பக்கத்தில் இருக்கும் 0–45 அளவுக் குறியை நம்ப வேண்டாம். மெஷினைக் கவிழ்த்து வைத்து, சின்ன மூலைமட்டத்தை அடித்தட்டின் மேல் நிறுத்தி பிளேட்டின் உடலோடு ஒட்டிப் பாருங்கள். மட்டம் பல்லில் படக் கூடாது. பல் இரண்டு பக்கமும் கொஞ்சம் விரிந்திருக்கும், அதில் பட்டால் பொய்க் கணக்குதான் வரும். சாய்வு தெரிந்தால் அலன் சாவியால் திருகைத் தளர்த்தி, மட்டம் பார்த்து, இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடியும் பாருங்கள். இறுக்கும்போதே தட்டு நகர்ந்துவிடும்.

*பிளேட் தேவைக்கு மேல் நீளமா?* நீள பிளேட் ஒன்று வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்ற கணக்கு இங்கே பலருக்கு இருக்கிறது. 12 மில்லிமீற்றர் பலகைக்குக் கீழே அரையடி பிளேட் தொங்கினால் அது வீணை நரம்பு மாதிரி ஆடும். பிளேட் மேலே ஏறி நிற்கும்போது நுனி பலகைக்குக் கீழே கொஞ்சம் தெரிந்தால் போதும். 18 மில்லிமீற்றர் வரைக்கும் 100 மில்லிமீற்றர் மொத்த நீளமுள்ள சாதாரண பிளேட் தாராளம்.

*பல் சரியானதா?* கடையில் 'மரத்துக்கு' என்று கேட்டால் பெரும்பாலும் கையில் கிடைப்பது டி144டி என்ற பொஷ் கம்பெனி எண் போட்ட பிளேட். அது 4 மில்லிமீற்றருக்கு ஒரு பல் உள்ள வேக பிளேட். சட்டம், பலகை வெட்ட நல்லது, பிளைவூட்டைக் கடித்து இழுக்கும். டி101பி என்று கேளுங்கள். 2.5 மில்லிமீற்றருக்கு ஒரு பல், வெட்டும் சுத்தமாக வரும். வேறு கம்பெனி பிளேட்டுகளிலும் பெரும்பாலும் இதே எண்ணைத்தான் போடுகிறார்கள். 18 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் என்றால், உடல் தடித்த பிளேட் கிடைத்தால் அதை எடுங்கள். விலை கூட, ஆனால் வளையாது.

*ரோலர் பிளேட்டின் முதுகில் படுகிறதா?* பிளேட்டுக்குப் பின்னால் காடி வெட்டிய சின்ன உருளை இருக்கும். பிளேட்டின் முதுகு அந்தக் காடியில் லேசாக உட்கார வேண்டும். இடைவெளி இருந்தால் வெட்டும்போது பிளேட் பின்னால் போய்ப் பக்கவாட்டில் திரும்பும். சில மெஷின்களில் இந்த உருளை ஒரு திருகைத் தளர்த்தினால் நகரும். பிசினும் மரத்தூளும் இறுகி உருளை சுற்றாமல் நிற்பதும் உண்டு. பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டிவிட்டு, ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். காடியின் ஒரு விளிம்பு தேய்ந்து சரிந்திருந்தால் எண்ணெயால் ஆகாது, உருளையை மாற்ற வேண்டும். பிளேட்டை விட்டால், இதுதான் முதன்முதலாகக் காசு போகும் இடம்.

*கடைசியாக, பிளேட்டை மேலும் கீழும் ஓட்டும் தண்டு.* பிளக்கைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டு பிளேட்டின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். பிளேட் வளைவது இயற்கை. பார்க்க வேண்டியது மேலே, பிளேட்டைப் பிடித்திருக்கும் பிடியை. அந்தப் பிடியே இடம் வலமாகக் கடகடவென்று ஆடினால் உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. இதற்கு மேல் நீங்கள் திறக்க வேண்டாம், கடைசித் தலைப்பைப் பாருங்கள்.

அறிகுறி 2: எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறது

முதலில் துண்டை 180 பாகை திருப்பி, மறு முனையில் இருந்து வெட்டுங்கள். மெஷின் முன்பு போல அதன் வலப்பக்கமே போனால் குறை பிளேட்டில், மெஷினில், அல்லது உங்கள் கையில். திருப்பியதும் இழுக்கும் பக்கமும் மாறினால் குறை பலகையில். இரண்டாவதாக, பக்கத்தில் இருக்கும் யாரையாவது ஒரு வெட்டு வெட்டச் சொல்லுங்கள். அவர் வெட்டும்போது நேராகப் போனால் வேறெதையும் தேட வேண்டாம்.

கைதான் என்றால் நிற்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள். வெட்டுக் கோட்டுக்குப் பின்னால் நிற்காமல் பக்கத்தில் நின்றால், தள்ளும் கை தெரியாமலே மெஷினைத் திருகும். வயரையும் பாருங்கள். லயக்காம்பிராவின், அதாவது தோட்ட வரிசை வீட்டின், யன்னல் வழியாக எக்ஸ்டென்ஷனை இழுத்து, வாசலில் இரண்டு ஸ்டூலின் மேல் ஷீட்டைப் போட்டு வெட்டுவதுதான் நம் பக்கத்து வழக்கம். வயர் ஷீட்டின் மூலையில் மாட்டி இறுகினால் மெஷின் அந்தப் பக்கமே சாயும். வயரைத் தோளின் மேல் போட்டுக்கொள்ளுங்கள்.

பிளேட் என்றால், பல்லை முன்பக்கமாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கப் பல் மட்டும் வெள்ளையாக மினுங்கினால் அந்தப் பக்கம் மழுங்கிவிட்டது. கூர் உள்ள பக்கம்தான் மெஷினை இழுத்துக்கொண்டு போகிறது. பெரும்பாலும் ஆணிதான் காரணம். முன்பு தேயிலை பிளைவூட் பெட்டியில்தானே கப்பலேறியது; அந்தப் பெட்டிகளைப் பிரித்த பலகை இன்னும் பல வீடுகளில் தட்டாகவும் தடுப்பாகவும் இருக்கிறது. ஓரத்தில் தகரப் பட்டி அடித்த சின்ன ஆணிகள் உடைந்து உள்ளேயே கிடக்கும். ஓர் ஆணி போதும், பிளேட்டின் ஒரு பக்கம் போய்விடும். பழைய பலகையை வெட்டும் முன் ஓரத்தைக் காந்தத்தால் தடவிப் பாருங்கள். மழுங்கிய பிளேட்டை அரத்தால் தீட்டி மீட்கலாம் என்று நானும் ஒரு காலத்தில் உட்கார்ந்தேன். மெனக்கெட்டதுதான் மிச்சம்.

பிளேட் வளைந்திருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடியின் மேல் தட்டையாக வைத்துத் தட்டுங்கள். ஆடினால் வளைந்தது, வீசிவிடலாம்.

புது பிளேட்டும் ஒரு பக்கம் போனால், அது பிடியில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். பிளேட்டின் முதுகும் பல்லும் அடித்தட்டின் நடுவெட்டுக்கு நேராக ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பிடிக்குள் மரத்தூள் இறுகியிருந்தால் பிளேட் கொஞ்சம் திரும்பி உட்காரும். ஊதிச் சுத்தம் செய்து, உள்ளே கடைசி வரை தள்ளி, பிறகு ஒரு தடவை வெளியே இழுத்துப் பாருங்கள். திருகால் இறுக்கும் பழைய மெஷின் என்றால் இறுக்கும்போதே பிளேட் திரும்புகிறதா என்று கவனியுங்கள்.

அறிகுறி 3: பாம்பு போல இரண்டு பக்கமும் போகிறது

இது மெஷின் கோளாறாக இருப்பது அரிது. கோடு தெரியவில்லை, அல்லது விலகியதும் கை பதறித் திருத்துகிறது.

நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் பிற்பகல் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். பல்பு உங்களுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழலே கோட்டின் மேல் விழும். விளக்கை முன்னால், இடப்பக்கமாக வையுங்கள். மரத்தூள் கோட்டை மூடினால் மெஷினில் ஊதும் சுவிட்ச் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பல மெஷின்களில் இருக்கும், யாரும் போடுவதில்லை. கண் பிளேட்டின் மேல் இருக்க வேண்டாம். பிளேட்டுக்கு அரை அங்குலம் முன்னால் உள்ள கோட்டைப் பாருங்கள்.

விலகிவிட்டால் மெஷினைத் திருகி இழுக்காதீர்கள். நிறுத்துங்கள். பிளேட் நின்ற பிறகு இரண்டு அங்குலம் பின்னால் வந்து, கோட்டின் கழிவுப் பக்கமாகப் புதிதாகத் தொடங்குங்கள். ஓடும்போதே திருகினால் மேலே கோட்டுக்கு வரும், கீழே இன்னும் விலகும். அப்படியே அறிகுறி 1ம் கூடவே வந்து சேரும்.

மெஷின் சத்தம் தளர்ந்து, வேகம் விட்டு விட்டு வந்தால் கரண்டைப் பாருங்கள். இங்கே எல்லோரும் முதலில் எக்ஸ்டென்ஷன் வயரைத்தான் குற்றம் சொல்வார்கள். 600 வாட் ஜிக்சோ 230 வோல்ட்டில் 3 ஆம்பியர் கூட எடுக்காது. ஒழுங்கான வயர் 20 மீற்றர் நீளமாக இருந்தாலும் இரண்டு மூன்று வோல்ட்தான் குறையும். உண்மையான ஆள் பெரும்பாலும் தளர்ந்த பிளக், முறுக்கி டேப் சுற்றிய மூட்டு. 10 நிமிடம் ஓட்டிவிட்டு, பிளக்கைக் கழற்றி, பிளக்கையும் மூட்டையும் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அதுதான் இடம். லயத்தின் கடைசி வீடு என்றால் மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் நேரத்தை விட்டு, காலையில் வெட்டிப் பாருங்கள். காலையில் நேராகவும் மாலையில் கோணலாகவும் வந்தால் மெஷினைப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை.

அறிகுறி 4: வளைவில் மட்டும் கெடுகிறது

கோயில் திருவிழாவுக்குக் கட்அவுட் வெட்டுகிற தம்பிமார் இதோடுதான் வருவார்கள். அகல பிளேட் சின்ன வளைவில் திரும்பாது. திருப்பினால் முறுகும். எண்ணின் கடைசியில் 'ஓ' எழுத்து உள்ள பிளேட்டுகள் முதுகு ஒடுங்கியவை: டி119பிஓ, டி101ஏஓ. லீவர் 0, வேகம் பாதிக்குக் கொஞ்சம் மேலே. பலகையைத் தள்ளுவதை மறந்துவிட்டு மெஷினின் பின்பக்கத்தை மட்டும் சுழற்றுங்கள்.

இறுக்கமான வளைவு என்றால், கழிவுப் பக்கத்தில் இருந்து கோடு வரைக்கும் அங்கங்கே நேர் வெட்டுகள் போட்டு வையுங்கள். வளைவில் போகும்போது துண்டு துண்டாக விழுந்து பிளேட்டுக்கு இடம் கிடைக்கும். எழுத்துகளின் உள்மூலைக்கு 10 மில்லிமீற்றர் துளை போட்டு அதில் திருப்புங்கள். இதெல்லாம் செய்தும் கீழே சாய்ந்தால் அறிகுறி 1இன் ரோலர் பகுதி.

அறிகுறி 5: சட்டம் வைத்தும் விலகுகிறது

பெட்டியோடு வரும் பக்கச் சட்டத்தை நான் பாவிப்பதில்லை. ஒற்றைத் திருகில் நிற்கிறது, அதிர்வில் தளர்கிறது. ஷீட்டின் கம்பெனி ஓரத்தோடு வெட்டி எடுத்த ஒரு துண்டையோ, நேரான அலுமினியப் பட்டியையோ இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு, அதில் அடித்தட்டை உரசிக்கொண்டு போங்கள். அடித்தட்டின் ஓரத்துக்கும் பிளேட்டுக்கும் உள்ள தூரத்தை அளவுகோலால் எடுக்காமல், ஒரு கழிவுத் துண்டில் வெட்டிப் பார்த்து எடுங்கள். பிளேட் மாற்றினால் அந்தத் தூரமும் மாறும்.

முக்கியமான விஷயம்: ஒரு பக்கம் இழுக்கும் பிளேட்டைச் சட்டம் திருத்தாது. மேல்முகத்தை நேராக வைத்திருக்கும், கீழ்முகம் வளைந்து போகும். அதனால் அறிகுறி 2 சரியாகும் வரை சட்டத்துக்கு வராதீர்கள்.

அப்புறம் வெளிப்படையாகச் சொல்கிறேன். மூன்று அடிக்கு மேல் நேர் வெட்டு வேண்டுமென்றால் அது வட்ட வாளின் வேலை. 8க்கு 4 அடி ஷீட்டை ஜிக்சோவால் நடுவில் பிளந்து அலுமாரிக் கதவு செய்யப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது, அந்த ஒரு வெட்டை மட்டும் வட்ட வாள் உள்ள ஒருவரிடம் கொடுத்து வாங்கி வாருங்கள்.

அறிகுறி 6: பெரிய ஷீட்டில் நெரிபடுகிறது, புகைகிறது

வெட்டிக்கொண்டு போகும்போது பிளேட் திடீரென்று இறுகி மெஷின் துள்ளினால், வெட்டின் இரண்டு பக்கமும் மூடிக்கொள்கிறது. இரண்டு ஸ்டூலுக்கு நடுவில் ஷீட் தொய்ந்திருக்கும். கோட்டின் இரண்டு பக்கமும் தாங்கும்படி நாலு சட்டம் கீழே போடுங்கள். வெட்டிய இடத்தில் மெல்லிய ஆப்பு ஒன்றைச் செருகி வையுங்கள்.

தாங்கல் சரியாக இருந்தும் இறுகினால் பலகை ஈரம். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. லொறியில் நனையாமல் வந்தாலும், சீமெந்துத் தரையில் சுவரோடு சாய்த்து வைத்த ஷீட் கீழ் ஓரத்தில் ஈரம் குடித்து ஊதியிருக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தார் இதே தொந்தரவை வருடக் கடைசி மழையில் பார்ப்பார்கள். ஓரத்தில் அடுக்குகள் விரிந்திருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பாருங்கள். விரிந்திருந்தால் அந்த ஓரத்தை வெட்டி எறியுங்கள். விரியாமல் ஈரம் மட்டும் என்றால் வீட்டுக்குள்ளே சட்டங்களின் மேல் தட்டையாகப் படுக்க வைத்து ஒரு வாரம் விடுங்கள். அடுப்பங்கரையில் நிறுத்திச் சூடு காட்டினால் வளைந்துவிடும்.

ஒரு இடத்தில் மட்டும் பிளேட் 'சடக்' என்று விழுந்து பக்கம் போனால், உள் அடுக்கில் ஓட்டை. மலிவுப் பலகையில் மேல் தோல் மட்டும் நன்றாக இருக்கும், உள்ளே துண்டு துண்டாக ஒட்டியிருப்பார்கள். விரல் முட்டியால் கோட்டின் வழியே தட்டிக்கொண்டு போனால் பொள்ளென்ற சத்தம் வரும் இடம் தெரியும். கோட்டை ஓர் அங்குலம் நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள்.

மேல்முகம் பிய்ந்து வருவதையும் சிலர் 'விலகல்' என்றே கொண்டு வருகிறார்கள். அது வேறு. சாதாரண பிளேட் மேலே ஏறும்போதுதான் வெட்டும், அதனால் மேல்தோல் பிய்கிறது. நல்ல முகத்தைக் கீழே வைத்து வெட்டுங்கள், அல்லது கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். தலைகீழ்ப் பல் உள்ள டி101பிஆர் போட்டாலும் நிற்கும், ஆனால் அது மெஷினை மேலே தூக்கும். அழுத்திப் பிடிக்க வேண்டும்.

மெஷின் திருத்தும் பாஸிடம் கொண்டுபோக வேண்டிய நேரம்

புது பிளேட், லீவர் 0, மட்டமான அடித்தட்டு, சுத்தமான ரோலர், காய்ந்த பலகை, வேறொருவர் கை. இத்தனையும் மாற்றிப் பார்த்தும் சோதனைத் துண்டு ஒரே மாதிரி கெடுகிறது என்றால் கொண்டுபோங்கள். பிளேட் பிடி இடம் வலமாக ஆடினால், பிடியின் ஸ்பிரிங் போய் ஓட்டத்திலேயே பிளேட் கழன்று விழுந்தால், மோட்டாரில் இருந்து எரிந்த வாசனையோ நீலத் தீப்பொறியோ அதிகமாக வந்தால், காத்திருக்கவே வேண்டாம். பிளேட் கழன்று விழும் விஷயத்தில் மட்டும் முதலில் அதன் அடிப்பாகத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் காது உள்ளதும், பாதி வட்டமாக வெட்டியதும் இரண்டு வேறு இனம். மாற்றி மாட்டினால் பல மெஷின்களில் நிற்காது.

வாரண்டி இருந்தால் ஒரு திருகைக்கூடக் கழற்றாதீர்கள். வாரண்டி இல்லையென்றால் வேலைக்கு முன்பே விலை கேளுங்கள். ரோலர், கார்பன் பிரஷ் மாற்றுவது பெரிய செலவில்லை. புஷ்ஷும் தண்டும் என்றால் பாகம் கண்டியில் இருந்தோ கொழும்பில் இருந்தோ வர வேண்டியிருக்கும், மலிவு மெஷினுக்குப் பாகமே கிடைக்காமலும் போகலாம். கேட்கிற காசு புது மெஷின் விலையில் பாதியைத் தொட்டால் நான் திருத்தச் சொல்வதில்லை.

போகும்போது பிளேட்டைக் கழற்றித் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைத் துண்டுகளையும் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கம் மேல், எந்தத் திசையில் வெட்டினீர்கள் என்று பென்சிலால் அம்புக்குறி போட்டு வையுங்கள். என் மேசைக்கு அப்படி வந்த மெஷின்களில் நான் முதலில் பார்ப்பது அந்தத் துண்டைத்தான், மெஷினை அப்புறம்தான் பையிலிருந்து எடுப்பேன்.